கை படாத காசு

உலகத்தில் எல்லாருக்கும் காசு கைக்கு வந்தால்தான் சந்தோஷம். அது யார் கையிலும் படாமல் இருந்தால்தான் சந்தோஷம் என்று ஒரு தொழில் உண்டு, அதைத்தான் நான் கொடைக்கானல் பஜாரில் வருஷக்கணக்காகச் செய்துவந்தேன்.

தபால்தலையும் நாணயமும் விற்கிற கடை. வாசலில் தொங்கியதெல்லாம் ஏரிப் படம் போட்ட கார்டுகளும் தைலப் பாட்டில்களும். சோறு போட்டவை அவைதான். உள்ளே கண்ணாடிப் பெட்டியில் இருந்தவை என் உயிரை வாங்குவதற்காக இருந்தன. அவற்றில் முதல் இடம் புரூஃப் காசுக்கு. தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. கடைத்தெருவில் புழங்குவதற்காக இல்லாமல், எங்களைப் போன்ற கிறுக்கர்களுக்கென்றே நாணயச் சாலையில் அச்சைப் பளபளவென்று மெருகேற்றி, ஒரு தடவைக்கு இரண்டு தடவை அடித்து எடுக்கிற காசு அது. எழுத்தில்லாத வெற்றுப் பரப்பு, அதாவது தரை, கண்ணாடி மாதிரி இருக்கும். அதன் மேல் சிங்கமும் எழுத்தும் மட்டும் வெண்பனி படிந்தது போல மங்கலாக எழுந்து நிற்கும். விளிம்பை மட்டுமே இரண்டு விரலால் பிடிக்கலாம். முகத்தில் கட்டைவிரல் பட்டதோ, அந்த ரேகை நம் காலத்துக்குப் பிறகும் அங்கேயே இருக்கும்.

வெளிநாட்டுக்காரர்கள் இதற்கெல்லாம் தரம் பிரித்து என்னென்னவோ பெயர் வைத்திருக்கிறார்கள். என் கடையில் நான்கே தரம்: கை படாதது, கை பட்டது, துடைத்தது, தேய்த்தது. கொண்டுவருகிறவர்கள் எல்லாரும் முதல் தரம் என்று நினைத்துக்கொண்டு வருவார்கள். அவர்கள் முகம் சுருங்கும்படி உண்மையைச் சொல்வதுதான் என் வேலை. இந்தத் தொழிலில் நண்பர்கள் ஏன் சேர்வதில்லை என்று இப்போது புரிந்திருக்கும்.

என் சொந்தச் சேகரிப்பு என்று ஒரே ஒரு பெட்டி இருந்தது. குடியரசான வருஷத்து செட். ரூபாயிலிருந்து பைசா வரை ஏழு காசுகளுக்கு வெல்வெட்டில் ஏழு குழி. ஆறு நிரம்பியிருந்தன, ரூபாய் மட்டும் இல்லை. ஆறு வைத்திருக்கிறவன் படுகிற பாடு, காசு சேர்க்கிற சக பாவிகளான உங்களுக்குத் தெரியும். முன்பல் விழுந்தவன் வாயைத் திறக்கக் கூச்சப்படுகிற மாதிரி, அந்தப் பெட்டியைத் திறந்து காட்ட எனக்குக் கூச்சம். அந்த ஏழாவது காசை முதல் தரத்தில் பிடிக்க நான் அலைந்ததையும், பிடித்த பிறகு நடந்ததையும்தான் சொல்லப்போகிறேன்.

சாகுல் பாயின் உதவி

பக்கத்துக் கடை மளிகைக்கார சாகுல் பாய்க்கு என் மேல் தனிப் பிரியம். எனக்கு வியாபாரம் நடக்கவில்லை என்று என்னைவிட அவர்தான் அதிகம் கவலைப்படுவார். ஒருநாள் மதுரை வக்கீல் ஒருவர் வந்து ஒரு புரூஃப் அரை ரூபாயை லென்ஸ் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கிறார், யோசிக்கிறார், மறுபடி பார்க்கிறார். விலைதான் அவரைத் தடுக்கிறது என்று எனக்குத் தெரியும். நானும் பேசாமல் இருந்தேன். மீன் கிட்டே வரும்போது தூண்டிலை ஆட்டக் கூடாது.

சில்லறை மாற்ற வந்த சாகுல் பாய் இதைப் பார்த்தார். வக்கீலுக்குச் சந்தேகம், கள்ளக் காசோ என்று யோசிக்கிறார் என அவராகவே முடிவுகட்டிவிட்டார். அந்தக் காலத்தில் கடைக்காரர்கள் காசை எப்படிச் சோதிப்பார்கள் என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கும். நான் வாயைத் திறப்பதற்குள் அரை ரூபாயை எடுத்துக் கட்டைவிரல் நகத்தில் வைத்துச் சுண்டினார். அது போதாதென்று வாசல் கருங்கல்லில் ஓங்கி ஒரு தட்டு, திருப்பிப் போட்டு இன்னொரு தட்டு. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவர் காசைத் தன் சட்டையில் நன்றாகத் துடைத்து வக்கீல் கையில் வைத்துச் சொன்னார்:

"கணீர்ங்குது, கேட்டீகளா? சுத்தமான காசு. நம்ம அண்ணே அப்பிடிப்பட்ட ஆளு இல்லைங்க, தைரியமா வாங்கிட்டுப் போங்க!"

பொட்டு

சீசனில் புதுமணத் தம்பதிகள் கூட்டம் கூட்டமாக வருவார்கள். அவர்களில் ஒரு ஜோடி கடைக்குள் வந்தது. மாப்பிள்ளை, எதிலும் தனக்குக் கொஞ்சம் தெரியும் என்று பெண்ணுக்குக் காட்டிக்கொள்ளும் வகை. புரூஃப் காசைக் காட்டச் சொன்னார். நானும் உற்சாகமாகி விளிம்பைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்தில் நீட்டி, தரை எப்படி இருக்கிறது, சிங்கத்தின் பிடரி எப்படித் தனியாக எழும்பி நிற்கிறது என்று விளக்கினேன். மாப்பிள்ளை தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். பெண் மட்டும் குனிந்து, மூச்சுக்காற்று படுகிற தூரத்தில், கண் இமைக்காமல் பார்த்தாள். பரவாயில்லை, இந்தத் தலைமுறையில் ஒரு ரசிகை பிறந்திருக்கிறாள் என்று எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அவள் தன் நெற்றியில் விரலை வைத்து எதையோ சரிசெய்துவிட்டு நிமிர்ந்தாள்.

"பொட்டு கோணலாத்தான் இருந்திருக்கு. சொல்லவே இல்ல பாருங்க நீங்க! ஏங்க, இதையே கொஞ்சம் பெரிய சைஸுல வச்சிருக்காகளான்னு கேளுங்க."

கவுஞ்சிக்காரர் கேட்டது

சந்தை நாளில் கவுஞ்சியிலிருந்து உருளைக்கிழங்கு மூட்டையோடு வருகிற ஒரு விவசாயி, மூட்டையை இறக்கிவிட்டு என் கடை வாசலில் நின்று பீடி பிடிப்பார். வேலுச்சாமி என்று பெயர். ஒருநாள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த கால் ரூபாய் அவர் கண்ணில் பட்டுவிட்டது. பேரனுக்கு அரைஞாண் கயிற்றில் கோக்கப் பளபளவென்று ஒரு காசு தேடிக்கொண்டிருந்தாராம். "ஒரு வளையம் மட்டும் பத்தவச்சுக் குடுத்துருங்க" என்றார். நான் சொன்ன விலையைக் கேட்டுப் பீடி அணைந்துவிட்டது. வளையம் பற்ற வைக்கக் கூடாது என்றேன். சரி, சும்மா கொடுங்கள், பிள்ளை கையில் வைத்து விளையாடட்டும் என்றார். கையிலும் படக் கூடாது என்றேன். அவசரத்துக்குக் கடையில் மாற்றலாமா என்றார். மாற்றினால் கால் ரூபாய்தான் கிடைக்கும் என்றேன்.

அவருக்குக் கோபம் வரவில்லை. என் கண்ணைப் பார்த்து, நாடி பிடிக்கிற மாதிரி கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு உள்ளபடியே அக்கறையோடு கேட்டார்:

"கயித்துல கோக்க ஆகாது, கையில தொட ஆகாது, கடையில மாத்தவும் ஆகாது. இதப் பொட்டிக்குள்ள வச்சு நீங்க மட்டும் பாத்துக்கிட்டே இருக்கீகளாக்கும்? வீட்டுல வைத்தியருகிட்டக் காட்டுனாகளா?"

நயா பைசா வந்தபோது

அணாக் கணக்குப் போய் நயா பைசா வந்தபோது ஊரே குழம்பிப்போனது. பஸ்ஸில் சண்டை, பால்காரரோடு சண்டை, டீக்கடையில் சண்டை. என் ஒருவன் கடையில்தான் கொண்டாட்டம். இனி அணாவெல்லாம் அரிதாகும், என் ஆறு காசுகளின் மதிப்பும் ஏறும் என்று நான் வாயெல்லாம் பல்லாக உட்கார்ந்திருந்தேன். சாகுல் பாய் தன் கடையை அப்படியே போட்டுவிட்டு, துக்க வீட்டுக்கு வருகிறவர் போல மெதுவாக வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். என் தோளில் கை வைத்தார். நான் சிரித்துக்கொண்டிருந்ததைப் பார்த்து அவருக்கு இன்னும் பயம் வந்துவிட்டது.

"மனசத் தளர விடாதீங்க அண்ணே. ஒங்க பெட்டியில கெடக்கிறது பூராம் அணாக் காசு, நாளைக்கு ஒருத்தனும் வாங்க மாட்டான். வெரசா பேங்குக்குப் போயி மாத்திப்புடுங்க, அதுவரைக்கும் ஒங்க கடையயும் நானே பாத்துக்கிறேன்."

பூஞ்சை

நான் தேடிய ரூபாய் முதல்முதலாகக் கண்ணில் பட்டது பள்ளங்கியில். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு ரெவின்யூ இன்ஸ்பெக்டர் அங்கே தோட்டமும் வீடுமாக இருந்தார். பம்பாயில் இருந்த அவர் மருமகன் எப்போதோ கொண்டுவந்து கொடுத்த காசு. ஒரு தடவை லென்ஸில் பார்த்தேன். கை படாதது! அன்றிலிருந்து நான் அந்த வீட்டுக்கு நடையாய் நடந்தேன். பேரிக்காய் சரியாகக் காய்க்காதது பற்றியும், அவர் ஜமாபந்தியில் கலெக்டரையே மடக்கியது பற்றியும் எத்தனை தடவை கேட்டேன் என்று சொன்னால் நீங்கள் அழுதுவிடுவீர்கள். கடைசியில் மனிதர் இரங்கினார். "ஆயுத பூஜை வருது. வீட்டுல இருக்கிற நல்ல பொருள் எல்லாத்தையும் வச்சுக் கும்பிடுறது வழக்கம். இதையும் சாமிகிட்ட வச்சு எடுத்துட்டு, மறுநாள் ஒங்களுக்கே தந்துடுறேன்" என்றார்.

பூஜைக்கு மறுநாள் வெள்ளனே குளித்து, புது வேட்டி கட்டிக்கொண்டு போனேன். கூடத்தில் மண்வெட்டி, அரிவாள், தையல் மிஷின், அவருடைய மூக்குக் கண்ணாடி எல்லாம் பொட்டு வைத்துக்கொண்டு வரிசையாக இருந்தன. நடுவில் ஒரு வெற்றிலை, அதன் மேல் என் ரூபாய். சிங்கத்தின் நெற்றியில் சந்தனம், சந்தனத்தின் மேல் குங்குமம். சந்தனம்தானே, தண்ணீரில் மிதக்கவிட்டால் போய்விடும் என்று தேற்றிக்கொண்டு குனிந்து பார்த்தேன். காசு முழுக்க ஒரே பளபளப்பு. வெண்பனியைக் காணோம். அந்த வீட்டு அம்மாள் காபியோடு வந்தார்கள். கொடைக்கானல் ஈரத்தில் செருப்பிலிருந்து ஊறுகாய் வரைக்கும் எல்லாவற்றிலும் பூஞ்சணம் பூக்கும், அதோடு மல்லுக்கட்டுவதே இங்கே பெண்களுக்குப் பாதி வேலை என்பதை நான் மறந்தே போயிருந்தேன்.

"சிங்கத்து மேலயும் எழுத்து மேலயும் வெள்ளையாப் பூஞ்சை புடிச்சுக் கெடந்துச்சுங்க தம்பி. ஒங்களுக்குக் குடுக்கிற பொருள அப்பிடியேவா குடுக்கிறது? புளியும் சாம்பலும் போட்டுத் தேங்காநாரால நல்லா அழுத்தித் தேச்சுட்டேன், இப்பப் பாருங்க எப்பிடி மின்னுதுன்னு!"

டீச்சரம்மா

மிஷன் பள்ளிக்கூடத்தில் ஒரு வெள்ளைக்கார டீச்சர் இருந்தார். வந்து பல வருஷமாகியிருந்ததால் எங்கள் தமிழைத் தனக்கு வேண்டிய மாதிரி வளைத்துக்கொண்டிருந்தார். கடைக்கு வரும்போது பையிலிருந்து வெள்ளைப் பருத்திக் கையுறையை எடுத்து மாட்டிக்கொள்வார். அப்புறம்தான் பேச்சு. ஊரில் என்னைப் புரிந்துகொண்ட ஒரே ஜீவன். அதனாலேயே என்னிடம் எதையும் எளிதில் வாங்கமாட்டார். நான் முதல் தரம் என்றால் அவர் வாயை இறுக்கி மூடிக்கொண்டு லென்ஸை என்னிடமே திருப்பித் தருவார். நான் பார்த்தால் தலைமுடி அளவுக்கு ஒரு கீறல் இருக்கும்.

அவர் தன் நாட்டுக்கே திரும்பிப் போகிறார் என்று கேள்விப்பட்டு வருத்தத்தோடு போனேன். பெட்டி கட்டிக்கொண்டிருந்தவர், ஒரு மெல்லிய தாள் பொட்டலத்தை எடுத்து மேஜையில் வைத்தார். உள்ளே அந்த ரூபாய். என் திருவிதாங்கூர் தபால்தலை ஆல்பத்துக்கு ஈடாகத் தருகிறேன் என்றார். ஆல்பம் என் பதினைந்து வருஷ உழைப்பு. உடனே சரி என்று சொல்ல வேண்டியதுதானே? சொல்ல மாட்டோமே! தொழில் புத்தி நாக்கில் வந்து உட்கார்ந்துகொண்டது. லென்ஸில் பார்த்தேன். ஒரு மாசு மறு கிடையாது. இருந்தும் உச்சுக் கொட்டினேன். ஓரத்தில் லேசாக விரல் பட்ட மாதிரி தெரிகிறதே, இரண்டாம் தரம்தான் சொல்ல வேண்டும், ஆல்பத்தில் பாதி தரட்டுமா என்று இழுத்தேன். இதைப் படிக்கிறவர்களில் சரக்கு வாங்கும்போது உச்சுக் கொட்டாதவர் யாராவது இருந்தால் மேலே படிக்க வேண்டாம். டீச்சரம்மா ரூபாயை என் பக்கமே தள்ளி வைத்துவிட்டு, சிரிக்காமல் சொன்னார்:

"முழு ஆல்பம், மிஸ்டர் ஆறுமுகம். காயின் உங்களுக்குத்தான், டோன்ட் வொர்ரி. ஆனா ஒண்ணு சொல்லுங்க, விக்கிறப்போ ஒரு லென்ஸ், வாங்குறப்போ வேற லென்ஸா?"

ஏழும் சேர்ந்த நாள்

முழு ஆல்பத்தையும் கொடுத்து ரூபாயை வாங்கிய அன்று கடையைச் சீக்கிரமே சாத்திவிட்டு வீட்டுக்குப் போனேன். என் மனைவி பாக்கியம் பழநிக்காரி. அவள் அண்ணன் மலைக்கோயிலில் சேவகத்தில் இருப்பவர். பாக்கியத்துக்குக் கோயில் காரியம் தெரியும், என் காரியம் புரியாது. புரியவில்லை என்று சண்டை போட்டதும் இல்லை. ஒன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த மகள் செல்வியையும் அவளையும் உட்காரவைத்து, பெட்டியைத் திறந்து, ரூபாயை விளிம்பில் பிடித்து ஏழாவது குழியில் இறக்கினேன். பிறகு ஒரு சின்னப் பிரசங்கம். இது மனுஷக் கையே படாத காசு, இனியும் படக் கூடாது, எடுக்க வேண்டிவந்தால் இப்படி இரண்டு விரலால், வைக்க வேண்டிவந்தால் இந்தத் தாளில் சுற்றி. செல்வி ஆசையோடு விரலை நீட்டினாள். நான் போட்ட சத்தத்தில் அவள் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றாள். எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. ஏழு காசும் ஒரே வரிசையில் மின்னிக்கொண்டிருந்தன. கண் கலங்கிவிட்டது. பாக்கியம் என்னையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு எழுந்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. பெத்த பிள்ளையக்கூட ஒருநா இம்புட்டுப் பதனமாக் கையில எடுத்ததில்ல நீங்க."

மஞ்சள் துணி

அந்த வருஷம் மழை பிடித்துக்கொண்டபோது செல்விக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்றுதான் கஷாயம் கொடுத்தோம். இறங்கவில்லை. ஆஸ்பத்திரி டாக்டர் டைபாய்டு என்றார். வேண்டிய மருந்து இங்கே தீர்ந்துவிட்டது, மதுரையில் வாங்கி வந்தால் நல்லது என்றார். அவர் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. அன்றே பஸ் ஏறினேன். மருந்தை வாங்கித் திரும்பும்போது மலைப்பாதையில் மண் சரிந்து, பஸ் நடு வழியில் நின்றுவிட்டது. மழையில் நனைந்து, கிடைத்த லாரியில் தொற்றி, மறுநாள் மத்தியானம் வீட்டுக்கு வந்தேன். செல்வி உதடு வெடித்து, கண் செருகி, யாரைப் பார்க்கிறோம் என்று தெரியாமல் கிடந்தாள். மருந்தைப் புகட்டிவிட்டு நிமிர்ந்தேன்.

முருகன் படத்து ஆணியில் மஞ்சள் துணி முடிச்சு ஒன்று தொங்கியது. பிள்ளை எழுந்தால் மலையேறி வந்து முடியிறக்கி இதை உண்டியலில் போடுகிறேன் என்று வேண்டிக்கொண்டு, மஞ்சள் துணியில் காசு முடிந்து வைப்பது பழநிப் பக்கத்து வீடுகளில் வழக்கம்தான். அதற்குக் கீழே மேஜையில் என் வெல்வெட் பெட்டி திறந்து கிடந்தது. ஆறு காசு இருந்தது. அந்த நிலைமையில் அந்தக் குழி என் கண்ணில் பட்டதே என்று என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது. ஆனால் பட்டது, அதை மறைக்க முடியவில்லை. பாக்கியம் என் முகத்தைப் பார்த்துவிட்டாள். அவள் அழவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை.

"கல்லாவுல கெடக்கிற காசு எத்தன கை மாறி வந்துச்சோ, என்னென்ன அழுக்குப் பட்டுச்சோ. எம்பிள்ளை உசுருக்கு அதயா சாமிகிட்ட முடியச் சொல்றீக? ஒருத்தர் கையும் படாத காசு நம்ம வீட்டுல ஒண்ணுதானேங்க இருக்கு!"

மச்சான் சொன்ன வழி

மருந்தோ முடிச்சோ, காய்ச்சல் இறங்கியது. முதல் தடவையாகச் செல்வி கஞ்சி கேட்ட அன்று நான் கொல்லைப்புறம் போய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். பிறகு, அவள் தெம்பாக உட்கார்ந்து சண்டை போடத் தொடங்கியதும், மனசு மெதுவாக அந்த ஆணிப் பக்கம் போகத் தொடங்கியது. மஞ்சள் தண்ணீரில் நனைத்த ஈரத் துணி! அதற்குள் என்ன ஆகியிருக்கும் என்று எந்தச் சேகரிப்பாளருக்கும் சொல்ல வேண்டியதில்லை. கறை பிடித்து நாசமாகியிருக்கும், போகட்டும், இனி அது வெறும் ரூபாய் என்று நானே என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

பிள்ளையைப் பார்க்க வந்த பாக்கியத்தின் அண்ணன் விஷயத்தைக் கேட்டு, தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். கோயிலிலேயே கிடக்கிற மனிதர், அவருக்குத் தெரியாத சாஸ்திரமா? அவரே வழியும் சொன்னார்:

"இதுக்காய்யா ஒடஞ்சுபோயி உக்காந்திருக்கீக மாப்ளே? சாமிக்கு ஒரு ரூவாதான் கணக்கு. வேற ரூவா ஒண்ண உண்டியல்ல போட்டுட்டு ஒங்களத எடுத்துக்கங்க, அவரு என்ன ஒங்களாட்டம் லென்ஸு வச்சா பாக்கப்போறாரு?"

மலை மேல்

பழநியில் செல்விக்கு முடியிறக்கி, தலையில் சந்தனம் பூசி, படியில் பாதி தூரம் தோளில் தூக்கி, பாதி தூரம் நடத்திக் கூட்டிப்போனோம். என் சட்டைப் பையில் வேறொரு ரூபாய் தயாராக இருந்தது. உண்டியல் முன்னால் முடிச்சை அவிழ்த்தேன். மஞ்சள் துணிக்குள் இன்னொரு பொட்டலம். மெல்லிய தாள், நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே நான்காக மடித்துச் சுற்றியது. பிரித்தேன். கறை இல்லை. ரேகை இல்லை. சிங்கத்தின் மேல் வெண்பனி அப்படியே இருந்தது. பிள்ளை நினைவில்லாமல் கிடந்த அந்த நேரத்திலும் பாக்கியம் அதை இரண்டு விரலால் விளிம்பில் பிடித்து எடுத்து, தாளில் சுற்றி, அப்புறம்தான் மஞ்சள் துணியில் முடிந்திருக்கிறாள். நான் அவளைப் பார்த்தேன். அவள் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள், முடிவை என்னிடம் விட்டுவிட்டு.

பையிலிருந்த ரூபாய் கனத்தது. மச்சான் சொன்னது சரிதான், தோஷம் ஒன்றுமில்லை. ஆனால் ஆயுள் முழுக்க ஊராருக்கெல்லாம் இது முதல் தரம், இது இரண்டாம் தரம் என்று கறாராகச் சொல்லிவந்தவன் நான். பிள்ளையை வாங்கிக்கொண்டு, அதற்கு இரண்டாம் தரத்தைக் கொடுத்துவிட்டு, நல்லதை மடியில் கட்டிக்கொண்டு கீழே இறங்க எனக்கு வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. எது அதிகம் என்று கேட்காதீர்கள். எங்களுக்குப் பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. பெரும்பாறை ஊர் எஸ்டேட்காரர் ஒருவர், காணிக்கை ஆரஞ்சுக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு, கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார்.

"இந்தா, நீ போடு" என்று செல்வியிடம் நீட்டினேன். அவள் கையை நீட்டவில்லை, என் முகத்தையே பார்த்தாள். "தொட்டா வைய மாட்டீகளேப்பா?" என்றாள். குனிந்து, அந்தக் காசை அவள் உள்ளங்கையில் வைத்து, ஐந்து விரலையும் மடக்கி, மேலே என் கையையும் வைத்து அழுத்தினேன். அவள் கை குளிர்ந்திருந்தது. காய்ச்சலே இல்லை. அவள் எக்கி உண்டியலில் போட்டாள். நான் அங்கேயே நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பெரும்பாறைக்காரர் கூடையை இறக்கி வைத்துவிட்டு, மனசு கேளாமல் என் தோளைத் தொட்டார்.

"ஒத்த ரூவா போடுறதுக்கா இம்புட்டு யோசனையும் அழுகையும்? கையில இல்லேன்னு மொதல்லயே ஒரு வார்த்த சொல்லியிருந்தா, ஒங்களுக்காக நானே ஒண்ணு போட்டிருப்பேனேங்க!"

ஏழு காசும் முழுசாக வைத்திருக்கிற அன்பர்கள் யாராவது என் பெட்டியில் உள்ள காலிக் குழியைப் பார்த்து உச்சுக் கொட்ட விரும்பினால் தாராளமாக வீட்டுக்கு வரலாம், காபி என் மகள் போட்டுத் தருவாள்.